கழுவிக் காயவைத்த கரி

மீன் நாற்றத்தைப் போய் நாற்றம் என்று சொல்கிறவர்களைக் கண்டால் நர்மதாவுக்கு ஆகாது. திருவொற்றியூர்க் குப்பத்தில் பிறந்து, காயவைத்த கருவாட்டுக்கு நடுவில் உட்கார்ந்து வாய்ப்பாடு படித்தவள் அவள். குடல் எடுப்பதற்கும் ஈ மொய்க்கிற கூடையை அலசுவதற்கும் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. கல்யாணமாகி வந்து தண்டையார்பேட்டையில் மீன்தொட்டிக் கடை போட்ட பிறகும் அப்படியேதான். தொட்டிக்குள் மண் பரப்பி, கட்டை நட்டு, செடி வளர்த்துக் கொடுப்பது அவள் தொழில். ஃபில்டரைத் திறந்தால் வழியும் பழுப்புக் கூழ், அழுகிய இலை, சொந்தக்காரர் ஊருக்குப் போயிருந்தபோது செத்து உப்பி மிதக்கிற மீன், எல்லாவற்றிலும் முழங்கை வரை கையை விடுவாள்.

"அதெல்லாம் உசுரோட நாத்தம். செத்தா நாறும், அழுகும், அப்பால செடிக்கு உரமாப் பூடும். அதுல இன்னா கலீஜ் கீது?" என்பாள்.

அப்பேர்ப்பட்டவள் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஷம்ஷாத் டீச்சர் வீட்டு முன்னறையில், நாலடித் தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஷம்ஷாத் டீச்சர் பழைய வண்ணாரப்பேட்டையில் வீட்டிலேயே கணக்கு டியூஷன் எடுக்கிறவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நர்மதா வைத்துக் கொடுத்த தொட்டி அது. நீள நீளமாகப் புல் மாதிரி ஆடும் செடி, கட்டையில் படர்ந்த பாசி, அதற்குள் அரை விரல்கூட இல்லாத சிவப்பு இறால்கள். கணக்கைச் சரியாகப் போட்ட பிள்ளைக்கு டீச்சர் கொடுக்கிற பரிசு, தொட்டி பக்கத்தில் போய் இறாலை எண்ணலாம் என்பதுதான். போன மாதம் புதுக் கட்டை ஒன்று வைத்ததில் சாயம் இறங்கித் தண்ணீர் டீத்தண்ணி நிறத்துக்கு மாறிவிட்டது. டீச்சர் மகனுக்குப் பெண் கொடுக்கிற வீட்டார் வெள்ளிக்கிழமை வருகிறார்கள். "சாக்கடைத் தண்ணின்னு நினைச்சுடப் போறாங்க நர்மதா, கொஞ்சம் தெளியவைம்மா" என்று கேட்டுக்கொண்டார்.

அதற்கு வழி கார்பன்தான். பெரிய மந்திரமொன்றும் இல்லை, கரி. தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டு, ஆவி காட்டி, ஒவ்வொரு துணுக்குக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் பொந்து விழவைத்த கரி. தண்ணீர் அதன் வழியாகப் போனால் நிறம், வாடை, போட்ட மருந்து எல்லாவற்றையும் இழுத்துப் பொந்துக்குள் வைத்துக்கொள்ளும். வயிறு ரொம்பிவிட்டால் அதோடு சரி, தூக்கி எறிந்துவிட வேண்டும். மேலே ஒட்டிய தூளைக் கழுவலாம், உள்ளே விழுங்கியதைக் கழுவ முடியாது. செடிக்குப் போடுகிற உரத்திலும் கொஞ்சத்தை அது தின்றுவிடும் என்பதால் நர்மதா எப்போதும் போட்டுவைக்க மாட்டாள். நாலு நாள் வைப்பாள், தெளிந்ததும் எடுத்துவிடுவாள். சனிக்கிழமை வலைப்பையில் போட்டு ஃபில்டருக்குள் வைத்துவிட்டுப் போனாள்.

தண்ணீர் தெளிந்துதான் இருந்தது. கண்ணாடி எது, தண்ணீர் எது என்று தெரியாத அளவுக்குத் தெளிவு. அந்தத் தெளிவில் ஒரு இறால்கூட அசையவில்லை. வெளுத்துப்போய், கால்களைச் சுருட்டிக்கொண்டு, அத்தனையும் மண்ணில் கிடந்தன. செடியின் நுனிகள் வெந்த கீரையாகக் குழைந்து தொங்கின. நாலைந்து மீன்கள் மட்டும் தண்ணீர் மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

நர்மதா மீன்களை அள்ளி வேறு தண்ணீருக்கு மாற்றினாள். ஃபில்டரைத் திறந்தாள். கார்பன் பையை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். அப்போதுதான் வாயைப் பொத்தினாள்.

நல்ல கார்பனுக்கு வாசனையே கிடையாது. இதிலோ பெயின்ட் தின்னர், நகப்பூச்சு, எரிந்த பிளாஸ்டிக் மூன்றையும் கலந்து நாக்கில் தடவியது போன்ற ஒரு நெடி. தொண்டைக்குள் இனித்துக்கொண்டு இறங்கியது. அந்த இனிப்புதான் அவளுக்குக் குமட்டியது. இந்த நெடி அவளுக்குப் பழக்கம். ரசாயனக் கம்பெனிகள் நிறைந்த மணலி ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றால் வருமே, அதே நெடி.

அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. சனிக்கிழமை மூட்டையைப் பிரித்தபோதே இந்த நெடி அவள் மூக்கில் ஏறியது. மேக்காத்து அடிக்கிறது, மேற்கே மணலியின் நாற்றம் உள்ளே வருகிறது என்று நினைத்து எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். இந்தப் பக்கத்து ஆட்களின் புத்தி அப்படி. வீட்டில் எது நாறினாலும் பழி காற்றின் மேல். பால் திரிந்து நாறினால்கூட "மேக்காத்து போல கீது" என்று சொல்லிவிட்டுக் காபி போடுவார்கள். பிறந்ததிலிருந்து முகர்ந்து முகர்ந்து மூக்கே மரத்துப்போன ஜனம். தன் மூக்கும் அப்படித்தான் ஆகியிருக்கிறது என்பது நர்மதாவுக்குத் தாங்கவில்லை. தூ, இதுவும் ஒரு மூக்கா என்று தன்னையே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது.

டீச்சர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"அஞ்சு மணிக்குப் பசங்க வருவாங்க நர்மதா. வந்ததும் இறாலைத்தான் தேடுவாங்க. எப்படிச் செத்துச்சுன்னு கேட்டா நான் இன்னா சொல்றது?"

"கண்டுபுடிச்சுச் சொல்றேன் டீச்சர்" என்றாள் நர்மதா. செத்த இறால்களைக் காலி ஐஸ்கிரீம் டப்பா ஒன்றில் வாரிப் போட்டு மூடிக்கொண்டு வெளியே வந்தாள்.

தெருவில் நின்றபடியே புருஷன் ஜெகதீசனுக்கு போன் போட்டாள். ஜெகதீசன் வீடு வீடாகப் போய்க் குடிதண்ணீர் மிஷின் பழுது பார்க்கிறவன். ஒன்பது வருஷத் தொழில், எல்லா வீட்டிலும் அண்ணன், மாமா என்று உறவு. கடைக்குப் பின்னாலேயே வீடு, கடைக்கும் அவன் வேலைக்கும் சேர்த்து ஒரே சாமான் அறை. கார்பன் வாங்கி வருவது அவன்தான்.

"மாமா, கரியில இன்னாவோ கலந்துகீது. தொட்டி பூரா செத்துப்போச்சு. ஒரே தின்னர் நாத்தம்."

"காத்தும்மா. நீ ஒயுங்கா அலசாமப் போட்டிருப்ப."

தண்ணீர் தெளிகிற வரை ஏழு தடவை அலசுகிறவளைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது? அவள் பதிலுக்கு வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கம் குரல் மாறியது.

"ஆமா, எந்த மூட்டையில எடுத்த நீ?"

"கீழ இருந்துச்சே, புது மூட்டை. அலமாரியில இருந்தது தீந்துடுச்சு."

"கஸ்டமர் வூட்ல கீறேன், அப்பால பேசறேன்" என்று வைத்துவிட்டான்.

நர்மதா கடைக்குப் போய் அந்த மூட்டையைப் புரட்டிப் பார்த்தாள். வெளியே அச்சிட்டிருந்த பெயரின் மேல் கறுப்புப் பெயின்ட் அடித்து மறைத்திருந்தது. ஓரத்தில் ஸ்கெட்ச் பேனாவில் 'கருணாகரன், சடையங்குப்பம்' என்று ஒரு நம்பரோடு எழுதியிருந்தது. இறால் டப்பாவை ஸ்கூட்டரின் முன்கொக்கியில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

சடையங்குப்பத்தில் மழை நின்று மூன்று வாரமாகியும் தண்ணீர் வடியவில்லை. தேங்கிய குட்டையை ஒட்டிக் கருணாகரனின் கொட்டகை. தரையெல்லாம் தார்ப்பாய் விரித்து, அதில் கறுப்பாகக் கரி காய்ந்துகொண்டிருந்தது. இரண்டு பெண்கள் டிரம்மில் கரியைக் கொட்டிக் குட்டைத் தண்ணீரையே மொண்டு ஊற்றிக் காலால் மிதித்துக்கொண்டிருந்தார்கள். வழிந்த தண்ணீரின் மேல் வானவில்லாக ஒரு படலம். முழங்காலுக்குக் கீழே அவர்கள் தோல் உரிந்து திட்டுத் திட்டாக இருந்தது. அதே வானவில் தண்ணீர் மறுபடி குட்டைக்கே ஓடியது, குட்டையிலிருந்து மறுபடி டிரம்முக்கு. இதற்குப் பெயர் கழுவுதலாம். நெடி கண்ணைக் கரித்தது. தெருநாய் ஒன்று வாசல் வரை வந்து, தும்மிவிட்டுத் திரும்பிப் போனது.

கருணாகரன் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து இட்லி வடைகறி தின்றுகொண்டிருந்தான். தொந்தி சட்டையை மீறி எட்டிப் பார்த்தது. நகக்கண்ணெல்லாம் கறுப்பு, அந்த விரலாலேயே இட்லியைப் பிட்டுப் பிட்டு வாயில் போட்டான்.

"ஜெகதீசன் வூட்டம்மாவா? வாம்மா தங்கச்சி, குந்து. சரக்கு நாளைக்குத்தான்னு சொன்னனே அவராண்ட."

"இது இன்னா கரிண்ணே?"

"கம்பெனியில கெமிக்கல் ஆவி புடிக்கறதுக்குப் போடுவாங்க. ரொம்பிப்போச்சுன்னா கழிச்சுக் கட்டிருவாங்க. அத்த எங்கனா பள்ளத்துல கொட்டணும். நம்மாண்ட வந்தா மறுபொறப்பு." விரலை நக்கிக்கொண்டு சிரித்தான். "ரெண்டு தண்ணி, மூணு வெயில். புத்சு மாறி ஆயிடும்."

"மீன் தொட்டிக்குப் போடலாமா?"

கருணாகரன் நக்குவதை நிறுத்தினான். நிஜமாகவே பதறிப்போனான்.

"ஐயய்யோ, மீனுக்கா? மீனு தாங்காதும்மா! அது பச்சப்புள்ள மாறி. இது அதுக்கில்ல."

"பின்ன எதுக்கு?"

"இன்னாம்மா தெரியாத மாறி கேக்கற. உன் வூட்டுக்காருக்கு மாசத்துக்கு நாலு மூட்டை போவுதே."

நாலு மூட்டை. நர்மதாவின் கடையில் ஒரு மூட்டை இருந்தால் ஒரு வருஷம் ஓடும். மீதி எங்கே போகிறது என்று யாரும் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. குடிதண்ணீர் மிஷினில் எல்லாம் வடிகட்டி முடிந்த பிறகு, குழாய்க்கு வருகிற தண்ணீர் கடைசியாக ஒரு கார்பன் குழலைத் தாண்டி வரும். தண்ணீருக்கு ருசி கூட்டுவதற்காம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஜெகதீசன் அந்தக் குழலைக் கழற்றிப் பழைய கரியைக் கொட்டிவிட்டுப் புதுசு நிரப்பிக் கொடுப்பான். எத்தனை வீட்டுக்கு!

குட்டை ஓரத்துக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். மிதித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி இறங்கி வந்து முதுகைத் தடவினாள். "புத்சா வர்றவங்களுக்கு அப்படித்தாம்மா இருக்கும், பழகிடும்" என்றாள். பழகிடும் என்ற சொல்லைக் கேட்டதும் நர்மதா வாயைக்கூடத் துடைக்காமல் ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

வீட்டுக்கு வந்தபோது ஜெகதீசன் சாப்பிட உட்கார்ந்திருந்தான். அவள் அவனைத் தாண்டிச் சாமான் அறைக்குள் போனாள். நாளைய வேலைக்காக இருபது வெள்ளைக் குழல்கள் வரிசையாக நின்றன. ஒன்றைத் திறந்து முகர்ந்தாள். திறந்த குழலோடேயே வந்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"எத்தினி வூட்டுக்கு ஊத்திகீற இத்த?"

"இன்னா எத்தினி வூடு? குந்தி சாப்புடு மொதல்ல."

"கருணாகரனைப் பாத்துட்டு வர்றேன்யா. எத்தினி வூடு?"

கல்யாணமான நாளிலிருந்து அவனை மாமா என்றுதான் அழைத்திருக்கிறாள். யோவ், யா எல்லாம் வாயில் வந்ததே இல்லை. அது அவனுக்கும் உறைத்திருக்க வேண்டும், குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த கரண்டியைக் கீழே வைத்தான்.

"கழுவுனது நர்மதா. ஊரே இத்தத்தான் போடுது. ரெண்டு வருஷமா ஒருத்தன் ஒரு கம்ப்ளெய்ன்ட் சொல்லல."

"நாறுதுன்னு ஒருத்தருமா சொல்லல?"

"சொல்வாங்க. மேக்காத்துன்னு சொல்வேன். ஆமாம்பா, காத்துதான்னுடுவாங்க." சொல்லும்போது உதட்டோரத்தில் லேசாக ஒரு சிரிப்புக்கூட வந்தது. தொழில் சாமர்த்தியத்தைச் சொல்லிக்காட்டுகிற சிரிப்பு. "நீதான் பேஜாரு பண்ணிகினு கீற. யார் உன்ன அந்த மூட்டையைத் தொறக்கச் சொன்னது? உன் தொட்டிக்குன்னு நல்ல சரக்கா வாங்கி அலமாரியில வச்சுகினுதானே கீறேன்? தீந்துச்சுன்னா கேக்க வேண்டியதுதானே?"

நர்மதாவுக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. மீனுக்கு நல்ல கரி. மனுஷனுக்குக் குட்டையில் மிதித்த கரி. மீன் மூன்றே நாளில் மல்லாந்து செத்துக் காட்டிக்கொடுத்துவிடும். மனுஷன் மெதுவாகத்தான் காட்டுவான், காட்டினாலும் காற்றைத்தான் திட்டுவான். இதைத் தெரிந்துகொண்டு பிரித்து வைத்த கை அது. அந்தக் கையால்தான் இப்போது சோறு பிசைகிறான். இந்தக் கை தொட்ட தலையணையில் தலை வைத்துப் படுத்தோமே என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

அவள் முகத்தைப் பார்த்து அவன் பயந்தான். சமாதானம் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னான்: "நீ இன்னாத்துக்கு மெர்சலாவற? நம்ம வூட்டு மிஷினுக்குக் கம்பெனி சீல் போட்டதுதான் மாட்டிகீறேன். நம்ம மகிழினி குடிக்கிற தண்ணி, அதுல போய் நான் வெளையாடுவனா?"

மகிழினி அவர்களுடைய ஏழு வயதுப் பெண், பள்ளிக்கூடம் போயிருந்தாள். நர்மதா சமையலறை மிஷினைப் பார்த்தாள். பளபளவென்று சீலோடு தொங்கியது குழல். சீ.

"எங்கம்மா வூட்ல?"

அவன் சோற்றைப் பிசைந்தான்.

"ஆடி மாசம் மாத்திக் கொடுத்தியே. எங்கம்மா வூட்ல இன்னாய்யா போட்ட?"

"அத்தைக்கா... அன்னிக்கு வண்டியில சீல் பீஸு இல்ல. அப்பால மாத்திக்கலாம்னு..." பிசைந்த சோறு கையிலேயே இருந்தது. "மறந்துட்டேன்."

அம்மா சில மாதமாக நெஞ்சு கரிக்கிறது, வாயெல்லாம் ஒரு மாதிரி இருக்கிறது என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். மிளகாயைக் குறை, வயசாச்சில்ல என்று புத்தி சொன்னது நர்மதாதான். இந்தத் தண்ணீரால்தானா என்பது அவளுக்குத் தெரியாது. இல்லை என்று சொல்லவும் இனி ஒருத்தராலும் முடியாது.

"எழுந்திரு. கையக் கழுவு."

"எங்க?"

"மொதல்ல எங்கம்மா வூடு. அப்பால ஒவ்வொரு வூடா. கழட்டற வரைக்கும் நானும் வருவேன்."

"பைத்தியமா உனக்கு? இன்னான்னு சொல்லிக் கழட்டச் சொல்ற? தொழிலே பூடும். அடிக்க வருவாங்க."

"வரட்டும். நீ வாயத் தொறந்து சொல்ற. சொல்லலைன்னா நான் சொல்வேன், மகிழினியாண்டயும்."

அவன் எழுந்துபோய்க் கையைக் கழுவினான். வீட்டு மிஷினிலிருந்த சீல் குழலை அவளே கழற்றித் துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். ஸ்கூட்டரை அவள் ஓட்ட, அவன் பின்னால் உட்கார்ந்தான். முன்கொக்கியில் ஐஸ்கிரீம் டப்பா ஆடிக்கொண்டே வந்தது. வெயிலில் உள்ளே இறால் நாற ஆரம்பித்திருந்தது. அந்த நாற்றம் ஒன்றுதான் அன்றைக்கு முழுக்க அவளுக்குச் சகிக்க முடிந்தது.

குப்பத்தில் நர்மதாவின் அம்மா அங்கம்மா வாசலில் வாளை மீனைக் குப்புற அடுக்கிக் காயவைத்துக்கொண்டிருந்தாள். மருமகனைப் பார்த்ததும் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். முன்னறிவிப்பு இல்லாமல் மாப்பிள்ளை வந்துவிட்டார் என்று முகமெல்லாம் சிரிப்பு. நாற்காலியைத் தட்டிப் போட்டாள். ஃபேனைப் போட்டாள். மகள் ஏதோ சொல்ல வருவதற்குள் உள்ளே ஓடினாள்.

வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் தண்ணீர் கொடுக்க வேண்டும், அப்புறம்தான் பேச்சே. அதுவும் மாப்பிள்ளை. கல்யாணத்துக்கு வாங்கிய வெள்ளித் தம்ளர் ஒன்று அந்த வீட்டில் உண்டு, அவனுக்கு மட்டும்தான் வெளியே வரும். அதில் மிஷின் தண்ணீரைப் பிடித்து, விளிம்பைத் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினாள் அங்கம்மா.

"குடிங்க மாப்ள. வெயில்ல வந்துகீறீங்க."

ஜெகதீசன் வாங்கிக்கொண்டான். தம்ளர் அவன் மடியிலேயே நின்றது. நர்மதா இறால் டப்பாவைக் கையில் பிடித்தபடி வாசல் நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை உதவிக்கு வருவதாக இல்லை அவள்.

"கொஞ்சம் வாடை அடிக்கும், மூச்சப் புடிச்சிகினு குடிச்சுடுங்க" என்றாள் அங்கம்மா. "மணலிக் காத்துன்னு நீங்கதான் சொன்னீங்களே. ஆனா மாப்ள, கடக்காத்து அடிக்கிற அன்னிக்கும் வாடை வருதே, அதான் இன்னான்னு தெர்ல. இன்னிக்குக்கூட பாருங்க, காத்து கெயக்கேர்ந்துதான் வருது."

கடலிலிருந்து காற்று சுத்தமாக வந்துகொண்டுதான் இருந்தது. காயப்போட்ட மீனின் வாசனை அதில் இருந்தது, வேறொன்றும் இல்லை. ஜெகதீசன் தம்ளரை மெதுவாகத் தரையில் வைத்தான்.

அங்கம்மாவின் சிரிப்பு நின்றது. வந்த வீட்டில் தண்ணீரைத் தொடாமல் வைத்தால் அந்த உறவு வேண்டாம் என்றல்லவா அர்த்தம்?

"இன்னா மாப்ள, எங்க வூட்ல தண்ணி குடிக்கக் கூடாதா? நான் இன்னா தப்புப் பண்ணேன்? நர்மதா எதுனா சொன்னாளா?"

"இல்ல அத்தை."

"தம்ளர் நல்லாத்தான் வெளக்கிகீறேன். தண்ணியும் நல்ல தண்ணிதான். இதோ, நானே குடிக்கிறேன் பாருங்க." கண் கலங்கக் குனிந்து தம்ளரை எடுத்து வாயருகே கொண்டுபோனாள்.

"வேணாம் அத்தை!" ஜெகதீசன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து அவள் கையைப் பிடித்தான். தண்ணீர் அவன் சட்டையில் கொட்டியது. கொட்டிய இடத்தை அவன் அவசர அவசரமாகத் துடைத்தான். "குடிக்காதீங்க. அது... குடிக்கக் கூடாது."

அங்கம்மா தம்ளரைப் பார்த்தாள். ஈரச் சட்டையைத் துடைத்துக்கொண்டே இருந்த மருமகனைப் பார்த்தாள். வாசலில் மகள் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தாள்.

"ஆறு மாசமா நான் குடிச்சிகினுதானே கீறேன் மாப்ள" என்றாள்.